பன்னிரண்டரை நம்பர்

வேலை கிடைத்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "வாயில சொன்னாங்களா, எழுத்துல குடுத்தாங்களா?" என்பதுதான். கல்கத்தா கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டருக்கு ஹெல்பராகச் சேர்ந்தவர் அவர். காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அப்பா மட்டும் அப்படியே இருந்தார். ஒவ்வொருவரும் "அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். அதனாலேயே, படிக்கத் தெரியாத அப்பாவுக்கு எழுத்தின் மேல் அப்படி ஒரு மரியாதை.

எனக்கு எழுத்தில்தான் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் ப்ரொபேஷன், வேலை திருப்தியாக இருந்தால் கன்ஃபர்மேஷன் என்றும் அதே எழுத்தில் இருந்தது. அந்தப் பகுதியை வீட்டில் விளக்கிச் சொல்வதற்குள் அம்மா, நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தியிடம் போய், பையன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டாள். காக்கிமா ஒரு மண்சட்டி நிறைய இனிப்புத் தயிர் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் அதைச் சாப்பிட்டும் முடித்துவிட்டோம். இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஆபீஸ் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கம், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில். அங்கே வெப்சைட் கட்ட நாங்கள் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க் முழுக்க முழுக்க வழக்கங்களால் ஆனது. ஃபைலை இந்த இடத்தில் வை, அதற்கு இந்த மாதிரிப் பெயர் வை, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும். எந்தப் பக்கத்துக்கு எந்த ஃபைல் என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. எல்லாம் சொல்லாமலே நடக்கும். மற்றவர்களுக்கு அது வசதி. எனக்கு இல்லை.

சொல்லாமலே நடக்கும் எதுவும் எனக்குப் பிடிபட்டதில்லை. மீட்டிங்கில் யார் முதலில் பேசலாம், "பார்க்கலாம்" என்று சொன்னால் அது சரியா வேண்டாமா, மேனேஜர் லேப்டாப்பை மூடினால் எழுந்துகொள்ள வேண்டுமா. கூட வேலை செய்தவர்கள் இதையெல்லாம் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் வீட்டில் நான்தான் முதலில் ஒரு ஆபீஸுக்குள் செருப்போடு போனவன்.

அதனால் நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஃப்ரேம்வொர்க்குக்குத் தானாகவே தெரிந்ததையும் இன்னொரு முறை வரி வரியாக எழுதி, பக்கத்தில் ஏன் எழுதினேன் என்றும் எழுதினேன். முதல் முறை என் ப்ரோகிராமைத் திறந்த டீம் லீட் அதைக் கடைசி வரை உருட்டிப் பார்த்தார். என்னைவிடச் சில வயது மூத்த வங்காளிப் பெண். எல்லோரும் அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குள் பேச்சு வங்காளியும் இங்கிலீஷும் கலந்துதான். நினைவில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்.

"ஏய், இதெல்லாம் ஃப்ரேம்வொர்க்குக்கே தெரியும். அதுக்குப் போய் நீ டியூஷன் எடுக்கறியா?"

"ஒருவேளை அது செய்யலேன்னா, தீதி?"

அறையே சிரித்தது. "செய்யும்டா. அதோட சண்டை போடாத, அது போற வழியில போ." நான் எழுதியதில் பாதிக்கு மேல் அழித்தார். காரணங்களைத்தான் முதலில் அழித்தார். அன்றிலிருந்து அவர் என் பக்கம் திரும்பினாலே, ப்ரொபேஷன் கணக்கில் ஒரு கோடு விழுகிறது என்று தோன்றும்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு மருந்துக்கடைக்காரரின் வேலை வந்தது. கல்கத்தாவில் டாக்டர்கள் சாயங்காலம் மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்காருவார்கள். அதைச் சேம்பர் என்பார்கள். காலையில் போய்க் கடையில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும், சாயங்காலம் நம்பர்படி கூப்பிடுவார்கள். இவருக்கு நாலைந்து கடைகள். பெயர் எழுதுவதை இணையத்துக்கு மாற்ற வேண்டும், வாசலில் ஒரு டிவியில் நம்பர் ஓட வேண்டும் என்றார். ஃப்ரேம்வொர்க்குக்கு இதைவிட எளிதான வேலை இருக்க முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த முழு எண், அவ்வளவுதான். தீதி அதை என்னிடம் கொடுத்தார்.

ஆனால் எனக்குச் சேம்பர் தெரியும். அம்மாவுக்குத் தைராய்டு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நான் அவளோடு எத்தனையோ சேம்பர் வாசல்களில் நின்றிருக்கிறேன். ரிப்போர்ட் காட்ட மட்டும் வருகிறவர்களுக்கு நம்பர் கிடையாது. நாலைந்து பேர் போனதும் நடுவில் ஒருவரை உள்ளே விடுவார்கள். எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் அது. கடை ஓனர் கவுண்டரில் உட்காருவதில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. நம்பர் வாங்கியவர்களுக்கும் ரிப்போர்ட்காரர்களுக்கும் தினமும் அங்கே ஒரு சண்டை நடக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் தீதியிடம் சொன்னேன்.

"க்ளையன்ட் கேக்கலையே?"

"கேக்க மாட்டாங்க தீதி. ஆனா இது இல்லாம நடக்காது. ரிப்போர்ட் காட்ட வர்றவங்க கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்க. அதுக்குள்ள டாக்டர் கிளம்பிடுவார்."

"புதுசா எதையும் கட்டறதுக்கு இப்ப நேரமில்ல. இருக்கறதுக்குள்ளயே முடிஞ்சா பண்ணு. முடியலேன்னா விட்டுடு."

இருக்கிறதற்குள் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வரிசை எண்ணை முழு எண்ணாக இல்லாமல் தசம எண்ணாக வைத்தேன். பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே ஒருவரை நுழைக்க வேண்டுமென்றால் 12.5. ஃப்ரேம்வொர்க் எதுவும் கேட்காமல் அவரைச் சரியான இடத்தில் நிறுத்தியது. தீதி பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"வேலை செய்யுது. ஆனா அசிங்கமா இருக்கு. அரை நம்பரெல்லாம் வெளியில தெரியவே கூடாது, புரியுதா? தெரிஞ்சா மானம் போயிடும்."

கடைக்காரர்கள் பார்க்கும் பக்கத்தில் அதை மறைத்தேன். எண்ணுக்குப் பதிலாக 'ரிப்போர்ட்' என்று மட்டும் வரும். மூன்று முறை சோதித்தேன். வாசல் டிவிக்குப் போகும் தகவலை ஃப்ரேம்வொர்க்கே தானாகக் கட்டி அனுப்பிவிடும். அதற்கு எதுவும் எழுத வேண்டாம் என்பது எனக்கு நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. எழுதவில்லை.

முதல் நாள் சாயங்காலம் கடைக்கு நானும் தீதியும் போனோம். ஓனர் புதுச் சட்டையோடு நின்றார். பெஞ்சில் இடமில்லாமல் ஜனங்கள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று போனது, பன்னிரண்டு போனது. டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. பெரிய சிவப்பு எழுத்தில் 12.5.

கடைக்காரர்கள் பக்கத்தில் மறைத்தேனே தவிர, டிவிக்குத் தானாகப் போகிறதை நான் தொடவே இல்லை. தீதி டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் அம்மாவுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த கம்பவுண்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவியை அண்ணாந்து பார்த்தார். தயங்கவே இல்லை. "ஷாடே பாரோ!" என்று வங்காளியில் கத்தினார். "பன்னெண்டரை யாரு? பன்னெண்டரை!"

ஒரு வயதானவர் கவரைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தார். "ரிப்போர்ட் காட்டணும். நானா? என்னை அரை ஆளாக்கிட்டீங்களேப்பா!"

"ஹாஃப் டிக்கெட், பெரியவரே," என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல். "ஃபீஸும் பாதிதான் குடுக்கணும், விட்டுடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓனர் சிரிக்கவில்லை. பதிமூன்றாம் நம்பர் ஒரு மாஷிமா, அம்மா வயதுப் பெண்மணி, ஏற்கனவே எழுந்து கதவருகே போய்விட்டவர். எனக்குத் தெரிந்த எல்லாச் சேம்பரிலும் சண்டை தொடங்குவது இந்த இடத்தில்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் டிவியைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார்.

"ஓ, நடுவுல ஒண்ணு இருக்கா," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கம்பவுண்டர் ஓனர் பக்கம் திரும்பினார். "பாபு, இத்தன வருஷத்துல இந்த நேரத்துல யாரும் என்னைத் திட்டாம இருந்தது இன்னிக்குத்தான்."

ஓனர் தீதியிடம், "அந்த அரை அப்படியே இருக்கட்டும்," என்றார்.

திரும்பி நடக்கும்போது தீதி வழியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பாராட்டா, கடைசி டீயா என்று எனக்குத் தெரியவில்லை. மண்குவளை கையைச் சுட்டது. தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தீதி, என்னோட கன்ஃபர்மேஷன்..."

"அது ஹெச்.ஆர். சொல்லணும்." குவளையைத் தொட்டியில் போட்டார். "ஆனா அந்த அரை நம்பருக்குப் பக்கத்துல ஏன்னு எழுதி வை. எல்லாருக்கும் தெரிஞ்சத எழுத வேண்டாம்னுதான் உங்கிட்ட சொன்னேன். இது இங்க உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒருத்தன் வந்து தப்புன்னு நினைச்சு அழிச்சுடுவான்."

மறுநாள் முழுக்க அந்த ஒரு வரியை எழுதினேன். நீளமாக எழுதிக் குறைத்தேன், பிறகு கொஞ்சம் சேர்த்தேன். ரிப்போர்ட் காட்ட வருகிறவர்கள் நடுவில் போவார்கள், இது சேம்பர் வழக்கம், தயவுசெய்து நீக்க வேண்டாம். தீதி எதையும் அழிக்கவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஹெச்.ஆர். மெயில் ஒரு மாதம் கழித்து, நான் வீட்டுக்குப் போகும் ரயிலில் வந்தது. மாஜேர்ஹாட்டில் வண்டி சிக்னலுக்காக நின்றிருந்தது. கூட்டத்தில் கையைத் தூக்க முடியாமல் தூக்கி அப்பாவுக்குப் போன் செய்து, ஆபீஸ் மெயில் வந்துவிட்டது என்றேன்.

"பர்மனென்டாப்பா?"

"ஆமாப்பா."

"வாயிலயா, எழுத்துலயா?"

"எழுத்துல."

"படி."

படித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்திருப்பார். கடைசி வரியில் கொஞ்சம் தடுமாறினேன். இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். அதையும் படித்தேன். விட்டுவிட்டுப் படிக்க என்னால் முடியாது.

வண்டி நகரத் தொடங்கியது.

"அந்தக் கடைசி வரிய அம்மாகிட்ட சொல்லாத," என்றார் அப்பா.