தொட்டில் அறைக்குக் குடிவந்த பூனை

எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளுக்கென்று உள்ளே ஓர் அறையும் உண்டு. சுவரில் முயலும் யானையும் வரைந்து, மூலையில் தொட்டில் போட்டு, கதவைப் பூட்டி வைத்திருந்தோம். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பி வசதிகளைச் சோதிக்கும் ஆடிட் நாளில் மட்டும் திறப்போம்.

சாவி என்னிடம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் இதே ஊரில் மிஷினில் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவர்கள். விதிமுறைகளைக் கவனிப்பது என் வேலை; கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று அச்சடித்த அட்டையைப் பஸ்ஸில் துப்பட்டாவுக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

பூட்டிய அறையின் அருமையை முதலில் புரிந்துகொண்டது ஒரு பூனை. ஆடிட்டுக்கு முந்தைய நாள் கதவைத் திறந்தபோது, தொட்டிலுக்கடியில் கண் திறக்காத மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. ஜன்னல் கம்பி வழியாக வந்திருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குட்டியைப் புரட்டிப்போட்டு அடிவயிற்றை நக்க ஆரம்பித்தது. அப்படி நக்கிவிட்டால்தான் பிறந்த குட்டிக்கு மூத்திரம் பிரியும் என்று போனில் படித்தேன். எங்கள் விதிமுறைகளில் இதெல்லாம் கிடையாது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பூனையக் கெளப்பி உட்டுரு கண்ணு. நாளைக்குக் கொழந்தைக்குச் சொல்லீட்டியா?"

ஒவ்வொரு ஆடிட்டுக்கும் எங்களுக்கு ஒரு குழந்தை தேவைப்படும். இந்த முறை, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த ஓர் அக்காவைக் கேட்டேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கைக்குழந்தையை லைன் வீட்டில் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு வருவார். அங்கே அது புட்டிப்பால் குடிக்கும். இங்கே டீ நேரத்தில், மார் கட்டி வலி தாங்காமல், பாத்ரூமில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவார். அறையைத் திறந்தால் பிள்ளையைக் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்திக்குத் திறந்தால் எல்லாரும் கொண்டுவந்துவிடுவார்கள் என்று முதலாளி பயந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டுமா மேடம்?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா" என்றேன்.

குட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிங் வேஸ்ட் துணியைப் பரப்பிக் குடோனில் வைத்தேன். பின்னாலேயே வந்த தாய் பெட்டியை முகர்ந்து பார்த்து உள்ளே படுத்துக்கொண்டது. தொட்டில் அறை ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் ஆடிட்டர் அம்மா வந்தார். தொட்டிலில் குழந்தை காலாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா நின்றார். தாய்மார்கள் எந்நேரமும் வந்து பால் கொடுக்கலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவு வழியாகப் பூனை வந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வியிருந்தது. எங்கள் கால்களுக்கிடையே நடந்துபோய்த் தொட்டிலுக்கடியில் அதைப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பிப் போனது. வாசலில் நின்ற முதலாளி ஒதுங்கி வழிவிட்டார்.

"இது தினமும் நடக்கிறதா?" என்று ஆடிட்டர் கேட்டார். பூனையைப் பற்றிக் கேட்டாரா, குழந்தையைப் பற்றிக் கேட்டாரா தெரியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"நாளையிலருந்து தெனமும் கொண்டாருவேன் மேடம்" என்றார் அக்கா. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "கொண்டாரலாம்லா மொதலாளி?" என்றார்.

ஆடிட்டர் பேனாவை எழுதத் தோதாகப் பிடித்திருந்தார்.

"தாராளமாக் கொண்டாங்க" என்றார் முதலாளி. அவ்வளவு மரியாதையாக அவர் அக்காவிடம் அதுவரை பேசியதில்லை. அடுத்த முறை சொல்லாமல் வருவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஆடிட்டர் கார் ஏறினார்.

மறுநாள் காலை பூட்டிய கதவின் முன்னால் அக்கா குழந்தையோடு நின்றார். முதலாளி சொன்ன தாராளம் ஆடிட்டரோடு காரேறிப் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தேடினேன். போனில் யாரிடமோ சத்தமாகப் பேசியபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்த போன் திரையில் வெளிச்சமே இல்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன்.

டீ நேரத்தில் அக்கா பாத்ரூம் பக்கம் போகவில்லை. முதலாளி பயந்தபடியே நடந்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

அந்த அழுகைச் சத்தம் பூனைக்குப் பிடிக்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு எதிரே, உடம்புக்கு முடியாதவர்கள் படுக்கவென்று போட்டிருந்த சிக் ரூமுக்கு ஜன்னல் வழியாகக் குடிபோய்விட்டது. அந்தக் கட்டிலிலும் இதுவரை யாரும் படுத்ததில்லை. அதற்கும் சாவி என்னிடம்தான் இருக்கிறது.