எட்டாவது வண்டிக்குக் கதை தெரியாது

டீத்தூள் விற்பது என் தொழில். பொம்மைக் கார் சேர்ப்பது என் தலையெழுத்து. எழுபதுகளில் ஒரு டீத்தூள் கம்பெனிக்கு லைன் ஏஜென்டாக, ஆனைகட்டி முதல் குமுளி வரை எல்லையோரக் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தோள் பையில் சாம்பிள் பொட்டலங்களுக்கு நடுவே உள்ளங்கை அளவு இரும்புக் கார் ஒன்றாவது கிடக்கும். சும்மா கார் இல்லை. சினிமாவிலோ டெலிவிஷனிலோ வந்த வண்டியை அச்சு அசலாக வார்த்துச் செய்தது. கதவு திறக்கும், டிக்கி திறக்கும், விசையைத் தட்டினால் வித்தையும் காட்டும்.

இந்தப் பித்துப் பிடித்தவர்கள் உங்களிலும் நாலு பேர் இருப்பீர்கள். "கல்யாணமான ஆம்பளைக்கு என்னய்யா பொம்மை?" என்பது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நமக்கு நாமே துணை. என்னிடம் ஏழு வண்டிகள் இருந்தன. ஏழும் நான் கோயமுத்தூர் தியேட்டர்களில் இங்கிலீஷ் படம் பார்த்துக் கதை தெரிந்துகொண்டு, பிறகு தேடிப் பிடித்தவை. கதை தெரியாத வண்டியை அலமாரியில் வைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். எட்டாவது வண்டி வந்துதான் அந்தச் சட்டத்தைப் படாத பாடு படுத்தியது.

மாடு தனி

எங்கள் ஊர் பாலக்காட்டு எல்லையில் பெருமாட்டிப் பக்கம். ஒரு நாள் டீக்கடையில் வாய் சும்மா இருக்காமல், "சினிமா வண்டி யார் ஊட்டுலயாச்சும் இருந்தாச் சொல்லுங்க, வாங்கிக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். நாலாம் நாள் ஒரு தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார், "நீங்க கேட்டது இருக்குதுங்க, உடனே வாங்க" என்று. வெளிநாட்டுக்குப் போன உறவுக்காரர் யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார் என்று நினைத்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சு வாங்கப் போய் நின்றேன்.

தென்னந்தோப்பு ஓரத்தில், கழுவி எண்ணெய் போட்டு, மாட்டு வண்டி ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் தட்டி கட்டும் மூங்கில் சட்டம், முன்னால் குழாய் ஸ்பீக்கர் வைக்கும் பலகை. டென்ட் கொட்டகைக்காரர்கள் போஸ்டர் ஒட்டி, கொட்டடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களே, அந்த வண்டி. எங்கள் பக்கத்தில் சினிமா வண்டி என்றால் அதுதான், தப்பு என்னுடையது. நான் திருதிருவென்று விழிப்பதை விலை கட்டுப்படாத முழிப்பு என்று எடுத்துக்கொண்டு அவர் சொன்னார்: "யோசன பண்ணாதீங்க, வெலையக் கொறச்சே போட்டுக்கலாமுங்க. ஆனா மாடு சேர்த்தி இல்லீங்க, வண்டி மட்டுந்தான்."

டீக்குள் ஆள்

என்னிடம் இருந்த உளவாளிக் கார் வெள்ளி நிறம். பக்கத்தில் உள்ள விசையை அமுக்கினால் கூரை திறந்து, சீட்டில் உட்கார்ந்திருக்கும் நெல்மணி அளவு பிளாஸ்டிக் ஆள் துள்ளி வெளியே விழுவான். ஆனைகட்டியில் நம் வாடிக்கைக் கடை ஒன்றில் அதை மேஜை மேல் வைத்தேன். கடைக்கார மாஸ்டர் ஆசைப்பட்டு அமுக்கினார். ஆளைக் காணோம். ஆள் இல்லாத அந்தக் காரை எந்தச் சேகரிப்பாளனும் சீந்த மாட்டான். பெஞ்சுக்கடியில், வாழைத்தார் இடுக்கில், பன் டப்பாவில் என்று கடையே முட்டி போட்டுத் தேடியது. மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் அசையாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசி வாயில் எதையோ நாக்கால் துழாவி எடுத்து, விரலில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டரு, ஈ உழுந்தா வேற டீ தர்றீங்க. ஆளு உழுந்தா?"

துரை வீட்டுச் சாமான்

குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்த கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள். பீங்கானையும் கம்பளத்தையும் மற்றவர்கள் மொய்க்க, நான் ஒரு அட்டைப் பெட்டியைக் குடைந்து அந்த எட்டாவது வண்டியை எடுத்தேன். பச்சை நிறம், எட்டுச் சக்கரம், முன்னால் கண்ணாடிக் கூண்டு, முதுகில் மடங்கிக் கிடக்கும் மஞ்சள் ஏணி. நகத்தால் நெம்பினால் ஏணி நிமிர்ந்து நிற்கும். என்ன அழகு! பெட்டியின் மூடி கிழிந்து போய், 'டெலிவிஷனில் நீங்கள் கண்டபடியே' என்று பொருள்படும் இங்கிலீஷ் வரி மட்டும் மிச்சம் இருந்தது.

டெலிவிஷன் அப்போதுதான் சென்னையில் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. துரையோ சாமான் விற்ற அன்று காலையே கொச்சிக்குப் போய்விட்டார். பங்களா சமையற்காரரைப் பிடித்து, "இது எந்தக் கதையில் வர்ற வண்டிங்க? டெலிவிஷன்ல வந்ததாம்" என்று கேட்டேன். அவர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யோசனையோடு சொன்னார்: "டெலிபோன் தெரியும். டெலிகிராம் தெரியும். இவரு அந்தக் குடும்பத்துல மூணாவது போல சார்."

ஆளுக்கொரு வேலை

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. இந்த வண்டி எங்கே போகும், யாருக்காக அந்த ஏணி? போகிற கடையிலெல்லாம் டீத்தூளுக்கு முன்னால் வண்டியை எடுத்து வைத்துக் கேட்பேன். குமுளியில், கொடி மேலேறிக் கிடக்கிற குறுமிளகு பறிக்க என்றார்கள். ஆனைகட்டியில், யானை வருவதை மேலே நின்று பார்க்க என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூரில் ஒரு லைன்மேன், கரண்டுக் கம்பி மாற்றத்தான் என்று அடித்துச் சொல்லி, தன் இலாகாவுக்கு இது எப்போது வரும் என்று என்னிடமே விசாரித்தார். எல்லாருக்கும் வண்டி பிடித்திருந்தது. ஒருவருக்கும் கதை தெரியவில்லை.

பெருமாட்டியில் எங்கள் தோப்பில் மரமேறித் தேங்காய் பறித்துப் போடுகிற மாரப்பன் ஏணியை நிமிர்த்தி, மடக்கி, மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், இது பொம்மைதான், கதையில் வருவதுதான் என்று. அவர் மண்டையில் ஏறவே இல்லை. "இது எப்பங்க நம்மூருக்கு வருது?" என்றார். "முன்னயே சொல்லிப்போடுங்க, நான் வேற பொழப்புப் பாத்துக்கறேன்."

எழுத வேண்டிய பெயர்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் மலையேறி வரும்போது செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். டீத்தூளை விட்டுவிட்டு அதிகாரி வண்டிகளைத்தான் எடுத்தார். அன்று மூன்று இருந்தன. முதல் இரண்டுக்கும் தமிழும் மலையாளமும் கலந்து கதை சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து அவரும் வந்துவிட்டார்.

பச்சை வண்டி வந்தது. "இது?" என்றார். தெரியாது என்றேன். பேராவது? தெரியாது. சற்று முன்வரை அருவி மாதிரி பேசியவன் திடீரென்று ஊமையானால் யாருக்கும் சந்தேகம் வரும். முறைத்துப் பார்த்தார். பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வேன்? அவர் வரி போட ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார், சாமானின் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது, மூடினார், வண்டியை என் கையில் திணித்தார். "தனக்கே பேரு அறியாத சாமானத்தினு ஞான் எந்து பேரு எழுதும்? கொண்டு போடோ!"

வீட்டில் ஒரு யோசனை

கதை தெரியாததால் பச்சை வண்டிக்கு அலமாரியில் இடம் இல்லை. மூன்று வருஷம் அது பையிலேயே குடியிருந்தது. என் சம்சாரம் சரசுவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "நீங்களே ஒரு கதையக் கட்டி உட்டுப்போட்டு அலமாரில வெச்சுத் தொலைங்களேன்" என்றாள் ஒரு நாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இல்லாத கதையைச் சொல்வதற்கு வண்டி எதற்கு, வெறுந்தகர டப்பா போதுமே, நான் பொய்க்கு ஆள் இல்லை என்று கத்தினேன். அவள் சாவகாசமாகக் கேட்டாள்: "கத தெரியாத வண்டிய ஊரூராத் தூக்கிட்டுத் திரியறீங்க. கத தெரிஞ்ச என்னைய ஒருநாள் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

ஆறு மணிக்குக் கால் மணி

குமுளியில் மளிகைக் கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி என் நல்ல வாடிக்கையாளர். ஒரு சனிக்கிழமை நான் கடையில் கால் வைப்பதற்குள், "ஏஜென்ட் தம்பி, உமக்கு ஆள் கெடச்சாச்சு" என்றார். மேல் எஸ்டேட் கங்காணி மகள் ஜெயசீலி ஜெர்மனியில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறாளாம், டெலிவிஷன் எல்லாம் பார்த்த பெண்ணாம். ஆர்டர் புஸ்தகத்தை அண்ணாச்சியிடமே எறிந்துவிட்டு ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே ஜெயசீலியின் அம்மா என்னிடம் பொருமித் தீர்த்தார். "திங்கக்கெழம ப்ளேன் சார். போக மாட்டேன்னு நாலு நாளா படுத்த படுக்கையாக் கெடக்கா. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. இவ போனாத்தான சார் தங்கச்சி படிக்க முடியும்?" நடுக்கூடத்தில் ஒரு பெட்டி பாதி அடுக்கியபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. டீத்தூள் ஏஜென்டான எனக்குப் பால் இல்லாத கட்டங்காப்பி வந்தது. நேரம் கெட்ட நேரத்தில் வந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் ஆசை விடவில்லை. வண்டியை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்தேன்.

உள்ளே இருந்து வந்த அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே வந்து, ஒருவரும் சொல்லாமலே, நகத்தால் நெம்பி ஏணியை நிமிர்த்தினாள்.

"புதன்கெழம வரும்ணே," என்றாள். "ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது. அங்க போன புதுசுல ஒரு வார்த்த புரியாது. வார்டுல கெடக்குற பிள்ளைங்க எல்லாம் இதத்தான் பாக்கும். நானும் சுவத்தோரமா நின்னு பாப்பேன். மலைக்குள்ள ஒரு கதவு தொறக்கும். எங்கயோ யாரோ மாட்டிக்கிட்டு இருப்பாங்க, தண்ணியிலயோ, சொரங்கத்துலயோ. இது கெளம்பும்."

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். "அப்புறம்?"

"அப்புறம் மணி அடிச்சுரும். எனக்கு அடுத்த வார்டுல டூட்டி. ரெண்டு வருசமா இது கெளம்புறத மட்டுந்தாண்ணே பாத்துருக்கேன். போய்ச் சேந்துச்சான்னு தெரியாது."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமேம்மா?"

"கேக்குற அளவுக்குப் பாஷ வந்தப்ப, கேக்க ஆள் இல்ல. டூட்டி, ரூம்பு, டூட்டி. ஒரு நாள் பூரா ஒருத்தரும் எம் பேரச் சொல்லிக் கூப்புடாத நாள் உண்டு." வண்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வண்டியே உங்ககிட்டத்தான் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது போய்ச் சேருமாண்ணே?"

அந்தம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோட்டை மூடிப் பையில் போட்டேன். "சேரும்மா," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மழை என்றேன், மலைப் பாதை என்றேன். கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ், முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார். வண்டி நேரத்துக்குப் போய்விட்டது, ஏணி நிமிர்ந்தது, ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேலே கட்டியிருந்த மூட்டைகளைக்கூட இறக்கியாயிற்று. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஜெயசீலி கண்கொட்டாமல் கேட்டாள். முடித்ததும் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, பக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை என் கையில் வைத்தாள். "அந்த பஸ்சுல கம்பம்னு போர்டு போட்டிருந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்தக் கம்பிளிச் சட்டைய எடுத்துப் பெட்டிக்குள்ள வைங்க."

இப்போது எட்டு வண்டியும் அலமாரியில்தான் இருக்கின்றன; வருகிறவர்கள் ஏழு வண்டியின் உண்மைக் கதைக்கும் கொட்டாவி விட்டுவிட்டு, எட்டாவதன் பொய்க்கு மட்டும் "அப்புறம்?" என்று கேட்கிறார்கள்.