கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போகிறவர்கள்

அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் அன்று பஸ் ஓடாது. ரயில் ஓடாது, கடை திறக்காது, தியேட்டரும் கிடையாது. ஒரு மாதமாகத் தெருவெல்லாம் விளக்குப் போட்டு ஆர்ப்பாட்டம் செய்தவர்கள், அந்த நாள் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வான்கோழியைத் தின்றுவிட்டு டிவி முன்னால் தூங்கிவிடுகிறார்கள். வந்த முதல் வருடம் இது தெரியாமல், வேலைக்குப் போவதற்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் சிரித்து வாழ்த்துச் சொன்னார். நானும் சொன்னேன். நடையை முடித்துத் திரும்பி வரும்போதும் நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு என்றேன். மனுஷன் பதறிப்போய்த் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார்.

நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் மரேட் என்று ஒரு தோழி. அன்றைக்கு அவள் கேட்டாள், உங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வீர்கள் என்று. ராத்திரிப் பூசைக்குப் போவோம், பகலில் கறிச்சோறு தின்போம், சாயங்காலம் சினிமாவுக்குப் போய், கிளைமாக்ஸ் வருவதற்குள் எழுந்து வந்துவிடுவோம் என்றேன். "படம் அவ்வளவு மோசமாகவா இருக்கும்?" என்றாள். இல்லை, நல்ல படம்தான், கடைசி பஸ் போய்விடும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் எனக்கென்று ஒரு கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். அது துக்கம் இல்லையடி, எங்கள் சந்தோஷமே அதுதான் என்று இன்றுவரை அவளுக்கு விளக்க முடியவில்லை. உங்களுக்காவது விளக்கிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஒலக்கூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சொந்த நிலம் இல்லாத தெரு எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி என்னைப் படிக்க வைத்தார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு சினிமா, கிறிஸ்துமஸ் அன்று, திண்டிவனத்தில். தெருவே புதுத்துணியோடு கிளம்பிப் போகும். முதல் ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வில்லன் கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது, அப்பா எழுந்து, "ஏந்திரிங்க, ஏந்திரிங்க, பஸ்ஸு பூடும்" என்பார். இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே ஓடுவோம். அப்புறம் பஸ்ஸில்தான் படத்தின் மிச்சம் நடக்கும். ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். அம்மாவுக்கு யாராவது ஒருத்தர் செத்தே ஆக வேண்டும். அப்பா வில்லனைக்கூடச் சாக விடமாட்டார், ஜெயிலுக்கு அனுப்பித் திருத்திவிடுவார். சண்டை முற்றி, கண்டக்டர் வந்து பஞ்சாயத்துப் பண்ணுவார். ஊர் வருவதற்குள் ஒரு முடிவு ஜெயித்துவிடும். பிறகு அதுதான் படம். டப்ளினில் உட்கார்ந்து அந்தப் படங்களை எல்லாம் கடைசிவரை பார்த்தேன். பாதிக்கு மேல் எங்கள் பஸ்ஸின் முடிவுதான் நன்றாக இருந்தது, சத்தியமாக.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது மனதில் ஒரு பாரம் இருந்தது. எனக்கும் கணவருக்கும் அயர்லாந்துக் குடியுரிமை கிடைத்துவிட்டது. புது வருடம் பிறந்ததும் விழா, உறுதிமொழி எல்லாம். அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியாது. ஐந்து வருடம் சம்பாதித்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். அப்பா அதை நம்பி, டீக்கடையில், கோயிலில், பார்க்கிறவர்களிடம் எல்லாம் "பாப்பா வந்துடும், விழுப்புரம் பெரியாஸ்பத்திரியிலயே வேலைக்குச் சேந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று வந்தேன். வந்து பூசை முடிந்தது, கறிச்சோறு முடிந்தது, வாய் திறக்கவே இல்லை.

அந்த வாரம்தான் ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு படத்தின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. முதல் பாகத்தை நான் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின கிறிஸ்துமஸில் பார்த்தோம். கதாநாயகனின் அண்ணன் உடைந்த பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வழக்கம்போலப் பஸ் பிடிக்க எழுந்தோம். இந்தத் தடவை அப்பாவையும் அம்மாவையும் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்க்க வைத்து, அந்தச் சந்தோஷத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன். திண்டிவனத்தில் எந்த ஆட்டத்துக்கும் டிக்கெட் இல்லை. விழுப்புரத்தில் மதிய ஆட்டத்துக்குக் கிடைத்தது. கணவரும் மகளும் ஏற்கெனவே விழுப்புரத்தில் மாமியார் வீட்டில் இருந்தார்கள், படத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்தேன். நெடுஞ்சாலை முழுக்கப் பாண்டிச்சேரிக்குப் புத்தாண்டு கொண்டாடப் போகிற கார்கள்.

படம் ஆரம்பித்ததுமே வம்பு. முதல் காட்சியில் அண்ணன்காரன் குதிரையில் வந்து இறங்கினான். தியேட்டரே விசில் அடித்தது. அம்மா உரக்கச் சொன்னாள், "இவன்தான் செத்துட்டானே!"

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா சொன்னது? போன படத்துல தப்பிச்சிடுவானே."

"பஸ்ஸுல சொன்னாங்களே" என்றாள் அம்மா. சொன்னதே அவள்தான்.

அதோடு விட்டாளா? இடைவேளை வரை அண்ணன் திரையில் வரும்போதெல்லாம், "இது பேயா, ஆளா, ஒண்ணும் புரியல" என்று முனகிக்கொண்டே இருந்தாள். சேகர் அண்ணன் சிரித்துச் சிரித்துப் பாப்கார்னைக் கீழே கொட்டிவிட்டார். நான் வெகு நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். அயர்லாந்துத் தியேட்டரில் இப்படி வாய்விட்டுச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

கிளைமாக்ஸ் நெருங்க நெருங்க அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார், செருப்பைக் காலால் தேடினார். வில்லன் அணைக்கட்டின் மேல் ஏறியதும் எழுந்தேவிட்டார். "கெளம்பலாமா, பாப்பா?"

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், "பெருசு, உக்காரு! மறைக்குது!"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "கார் வெளிய நிக்குதுப்பா. மணி சாயங்காலம் அஞ்சுகூட ஆவல. உக்காரு."

உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியின் நுனியில். என் கையை விடவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு தியேட்டரில் கடைசிச் சண்டையைப் பார்க்கிறார். எனக்குத் திரை தெரியவே இல்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அணை உடைந்தது, வில்லன் விழுந்தான், வெள்ளத்தில் கதாநாயகன் அண்ணனைத் தேடினான். ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தது. அவ்வளவுதான், திரை இருண்டு எழுத்து வந்தது: மூன்றாம் பாகத்தில் சந்திப்போம்.

அப்பா கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். "அவ்ளோதானா? முடிவு எங்க?"

"அடுத்த படத்துலயாம்" என்றேன்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "இத்துக்குத்தான் நாங்க அப்பவே ஏந்திரிச்சிப் போய்க்கினு இருந்தோம்!"

காரில் ஏறியதும் பழைய பஸ்ஸே திரும்பி வந்தது. அந்தக் கை அண்ணனுடையது, இந்தத் தடவை அவன் நிச்சயம் காலி என்றாள் அம்மா. இல்லை, வில்லன் கை என்றார் சேகர் அண்ணன். அப்பா இருவரையும் காப்பாற்றிக் கரையேற்றினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. அப்பா கேட்டார், "மூணாவது பார்ட்டு எப்ப வரும், சேகரு?"

"எப்படியும் ரெண்டு மூணு வருஷம் ஆவும் பெரிப்பா."

"ஆவட்டும். அதுக்குள்ள பாப்பா இங்க வந்துடும். சாவகாசமா போய்ப் பாக்கலாம்."

இனியும் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிட்டேன். குடியுரிமை, பாஸ்போர்ட், மகளின் பள்ளிக்கூடம், திரும்பி வரப்போவதில்லை என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சேகர் அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

அப்பா, "அப்ப நீ இந்த நாட்டு ஆளு இல்லியா?" என்றார்.

"பேப்பர்லதான்பா இல்ல. ஒரு கார்டு குடுப்பாங்க. அத வச்சிக்கினு எத்தினி தபா வேணா வரலாம்."

"சொந்த ஊருக்கு வர்றதுக்குக் கார்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாதான் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "சும்மா இருய்யா. நம்மள மாரி கழனி கழனியா நின்னு அதுவும் காயணுமா? எங்கியோ ஒரு எடத்துல நல்லா குந்திச் சாப்புடட்டும்."

வண்டிகள் நகர்ந்தன. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அப்பா சாதாரணமாகக் கேட்டார், "பாஸ்போர்ட்டு எடுக்கணும்னா எங்க போவணும்?"

"யாருக்குப்பா?"

"எனக்குத்தான். உன்னால வர முடியலன்னா மூணாவது பார்ட்ட நான் அங்க வந்து பாக்கறேன். அங்க தமிழ்ப் படம் போடுவானா, மாட்டானா?"

போடுவான் என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. நான் கிளம்புவதற்குள் அவருக்கு விண்ணப்பம் போட்டோம். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றதும் அவருக்கு ஒரே கோபம்.

விழா முடிந்தது, உறுதிமொழி சொன்னேன், மரேட் பூங்கொத்தோடு வந்திருந்தாள். சில வாரங்களில் தூதரகத்தில் என் பழைய பாஸ்போர்ட்டை வாங்கி, ரத்து முத்திரை குத்தி, அட்டையின் மூலையை வெட்டித் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்த அன்றுதான் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். கையில் புத்தம்புதுப் பாஸ்போர்ட். கேமராவுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, "இன்னா எழுதியிருக்குது, படி" என்றார். படித்தேன். அவர் பெயர், பிறந்த ஊர், நாட்டுரிமை இந்தியன். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"செரி, உன்னுத காட்டு, பாக்கலாம்" என்றார்.

எதை எடுப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. மூலை வெட்டுப்பட்டதையும் புதிதாக வந்த அயர்லாந்துப் பாஸ்போர்ட்டையும் இரண்டு கையிலும் எடுத்து, முகத்தின் இரு பக்கமும் பிடித்துக் காட்டினேன்.