ஏணியின் காலைப் பிடித்தவர்

செங்கல் என்ற ஊரில் பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பில் நான் ஞாயிறுதோறும் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது ஒரு பெயிண்டர் வருவார். புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட், நடையில் லேசான விந்தல். எந்தக் கணக்கிலும் அதற்குள் மாட்டிக்கொண்ட ஆளைத்தான் முதலில் தேடுவார்.

பத்தடி ஏணியைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிச் சாய்த்தால் எவ்வளவு உயரம் எட்டும்? கரும்பலகைக்கு அழைத்தேன். ஏணியை வரைந்து, உச்சியில் ஓர் ஆளையும் வரைந்து, எட்டடி என்று சரியாகவே எழுதினார். பிறகு ஏணியின் காலை இரண்டு கையாலும் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சரிதான், போய் உட்காருங்க.”

“ஆறடி தள்ளி வச்சா வழுக்கும் சாரே. நான் கைய எடுத்தா மேல நிக்கியவனுக்க கெதி என்னாக்கும்?”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. கடைசியில் நானே டஸ்டரால் உச்சியில் இருந்தவனை அழித்தேன். அதன் பிறகுதான் போய் உட்கார்ந்தார்.

விளையாடினாரா, தெரியவில்லை. இன்றும் ஏணிப் படத்தை மேலிருந்துதான் அழிக்கிறேன்.