நடுவில் நின்ற அண்ணி

என் அண்ணி பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். வயது நாற்பத்தேழு. குள்ளம், கொஞ்சம் பருமன், வாய் ஓயாது. அவரும் ஆடுகிற சலவைக்கூடத்து வாலிபால் அணிக்கு நான்தான் கேப்டன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடமாக ஒரே கதைதான். பந்து இரண்டு பேருக்கு நடுவே வரும். இருவரும் ஓடுவார்கள். கடைசி நொடியில் இருவருமே நின்று, நீயே எடு என்பதுபோல் கையைத் தாழ்த்துவார்கள். பந்து தரையில் விழும். நாளெல்லாம் விரிப்பின் முனையைப் பிடித்து எதிரெதிரே நடந்து, தன் முனையை எதிரே வருபவள் கையில் கொடுத்துப் பழகிய கைகள் வேறென்ன செய்யும்? நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அண்ணியால் ஓடவும் முடியாது. அதனால் சமையலறை அணியோடு மோதும் நாளில் அவரை உட்காரவைக்க முடிவு செய்தேன். நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் புதியவளிடம் மட்டும், “இரண்டாவது செட்டுல நீதான், தயாரா இரு” என்று சொல்லிவைத்தேன்.

முதல் செட்டில் மண்ணைக் கவ்வினோம். சமையலறைக்காரிகள் பலமாக அடிக்கவே இல்லை. தடுக்கக் குதித்தவர்களின் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தட்டிவிட்டார்கள். பின்வரிசை மூவரும் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

இடைவேளையில் நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

“நாத்தனாரே, பின்னாடி மூணு பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும். தடுக்கிறவங்க முதுகுக்குப் பின்னாடியே நான் நிக்கிறேன். தட்டிவிடுறது பூரா எனக்கு.”

“பின்னாடி நடுவுல ஓங்கி அடிச்சா?”

“அடிச்சா போகட்டும். பத்துல ஒண்ணு அடிப்பாளுங்க. மத்த ஒன்பதை இப்ப வாரிக் குடுக்கிறோமே, அதைப் பாரு. நடுவுல வர்ற பந்துக்கு ஒருத்தியும் கிட்ட வரக்கூடாது. வந்தா இடிச்சுத் தள்ளிடுவேன்.”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆறு பாயிண்ட் வரை பார்ப்போம், சொதப்பினால் வெளியே என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

முதல் பந்தைத் தட்டிவிட்டார்கள். அண்ணி ஓடவில்லை, குனிந்தார், அவ்வளவுதான். பந்து மேலே எழும்பியது. அடுத்ததும் அப்படியே. “என்னோடது! என்னோடது!” என்று அவர் போட்ட கூச்சலில் எங்கள் ஆட்களே இரண்டடி விலகிப்போனார்கள். ஆட்ட முறைப்படி இடம் சுழன்று அவர் முன்வரிசைக்குப் போனபோது அந்த இடத்தில் நான் நின்றேன், அங்கிருந்தும் எனக்குக் கட்டளை வந்துகொண்டே இருந்தது. ஆத்திரப்பட்ட சமையலறைக்காரிகள் ஓங்கி அடிக்கத் தொடங்கினார்கள். பாதி கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவதும்தான்.

சந்தோஷம் தாங்காமல் அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

“அடுத்த ஆட்டத்துலயும் அங்கேயே நில்லுங்க அண்ணி.”

“அப்ப என்னை உக்கார வைக்கலையா?”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“காலையிலயே நெட்டை வந்து அழுதா. உங்க இடத்துல ஆட மாட்டேன் அக்கான்னு சொன்னா. நான்தான் அதட்டி ஷூ போட வச்சேன். கேப்டன் சொன்னா கேக்கணும்னு சொன்னேன்.”

“என்மேல கோபம் வரலையா?”

“ஏன் வராது? அதான் ஒரு பந்தைக்கூட உன் பக்கம் விடல” என்றார் அண்ணி.