மூலையில் ஒரு பெருக்கல் குறி

நெட்டையனுக்கு ஆயுளில் பாதி அந்த அலுவலகத்திலேயே போயிற்று. வக்கீல்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து கொடுக்கிற இடம். எழுதுவதெல்லாம் ஒரு கறுப்புத் திரையில். பட்டன் கிடையாது, மெனு கிடையாது, மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. சேமிக்க ஒரு கட்டளை, வெளியேற ஒரு கட்டளை. எல்லாம் விரலுக்குத்தான் மனப்பாடம். அந்த எடிட்டர் மென்பொருளைக் கட்டி மேய்ப்பது நெட்டையன்.

அங்கே வந்து சேர்ந்தாள் அவன் மனைவியின் கடைசித் தங்கை. புருஷன் வேலை போய் வீட்டோடு கிடக்கிறான், மாமியாரும் கூட இருக்கிறாள், இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். நெட்டையன் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே அபிமன்யு கதையாகிவிட்டது. உள்ளே போகத் தெரிந்தவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை. சாயங்காலம் வரை முழித்துப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். “மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். தேறலைன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

நெட்டையன் இருக்கிற பாரம் போதாதென்று இதையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். பழைய எடிட்டரை உள்ளே ஓடவிட்டு, அதன்மேல் ஒரு முகம் செய்தான்: தனி ஜன்னல், மேலே மெனு, சேமிக்க ஒரு பட்டன். கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்த மனைவி, “தங்கச்சிக்கு எல்லாம் நடக்குது, என் போனை எப்பப் பாப்பீங்க?” என்றாள். அலுவலகத்துப் பழைய தட்டச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, கிழவிக்குப் பவுடர் பூசறியா?”

நெட்டையன் அடுத்த பட்டனை வைக்கக் குனிந்தான்.

புது முகத்தில் மச்சினிக்குக் கை ஓடியது. மாசக் கடைசியில் ஒரு நீண்ட வாக்குமூலத்தைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் மேலாளர் முடிவு சொல்வார். காலையிலிருந்து தலைநிமிராமல் அடித்து முடித்தாள். முடித்ததும், வேறெந்த ஜன்னலையும் எப்படி மூடுவாளோ அப்படியே மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். வாயைத் திறக்காமல் அது மூடிக்கொண்டது.

“அத்தான், நான் அடிச்சதெல்லாம் எங்க?”

“சேவ் பண்ணலையா?”

“கேட்டா பண்ணியிருப்பேன். மத்ததெல்லாம் கேக்குமே.”

நெட்டையன் தன் பிழைப்பில் ஒருநாளும் அந்தக் குறியைத் தொட்டதில்லை. தொடாதவனுக்கு அதைச் சோதித்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்தான். அடிக்கடி மின்சாரம் போன காலத்து எடிட்டர் அது. அடிக்க அடிக்க ஒரு நகலை ஒளித்து வைத்துக்கொள்ளும். முகம் மூடினாலும் அந்தப் புத்தி போகவில்லை. கடைசிப் பத்தி தவிர எல்லாம் திரும்பி வந்தது. அதை மட்டும் அவள் மறுபடி கேட்டு அடித்தாள். முடிகிற வரை மவுஸைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

“கதவு வச்சீங்க அத்தான், தாழ்ப்பாள் வைக்கலை,” என்றாள் மெல்ல.

மேலாளர் படித்துப் பார்த்தார். “சரி, இவ இருக்கட்டும்,” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நெட்டையன் பக்கம் திரும்பினார். “உங்க புது ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து இதையே எல்லாருக்கும் போட்டுடுங்க.”

நெட்டையன் கழுத்தைத் தடவிக்கொண்டு, எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தான். முதலில் அந்தத் தாழ்ப்பாளைப் போட வேண்டும்.