கங்கம்மா மலையில் இரண்டு கம்பங்கள்

பங்காருபாளையத்து மாம்பழக்கூழ் ஆலையின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரும்புக் கம்பம் நட்டவன் நான். சித்தூருக்குப் பக்கத்து மலையில், கழுதையும் ஏறாத இடத்துக்குச் சிமெண்டைத் தலைச்சுமையாக ஏற்றியவன் நான். வெதுருகுப்பத்துக்கு அப்பால் கங்கம்மா மலை உச்சியில் பாறையைக் குடைந்து, சாயாமலிருக்க மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, பனைமரம் போல ஒரு கம்பத்தை நிறுத்தியவனும் நானே. காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். முனுசாமி மேஸ்திரி என்றால் இரண்டு மாநிலத்து எல்லையிலும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கம்பங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். ஆலையில் எடை போடும் மாங்காய்க் கணக்கு அந்த நிமிஷமே திருப்பதி தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கிருந்து விலை வர வேண்டும். டெலிபோன் லைனை நம்ப முடியாத காலம் அது. அதனால் வயரில்லாமல், கம்பத்து உச்சியிலுள்ள டிஷ்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, ஆலையிலிருந்து சித்தூர் மலைக்கும், அங்கிருந்து கங்கம்மா மலைக்கும், பிறகு திருப்பதிக்கும் சேதியைத் தாண்டவிடும். பார்வை மறைந்தால் சேதி அறுந்தது.

அந்த மே மாதம் தினமும் மத்தியானத்தில் அறுந்தது. ஆலை வாசலில் லாரிகள் நின்றன. வெயிலில் மாங்காய் கனிந்து வழிந்தது. முதலாளி ஒரே வார்த்தையில் சொன்னார்: நாளைக்கும் அறுந்தால் வேலை பெங்களூர் கம்பெனிக்கு. என் ஆட்கள் பெங்களூரில் கலவை சுமந்துவிட்டு, என்னை நம்பி ஊர் திரும்பியவர்கள். வேலை போனால் அவர்கள் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பங்காருபாளையத்தில் ஜீப் ஏறினோம். சித்தூர் மிஷன் தெருவைச் சேர்ந்த இன்ஜினியர் ஸ்டெல்லா, டிரைவர் சுப்ரமணி, நான். பின்னால் மிச்சமான கம்பக் குழாய் ஒன்றும் கம்பிச் சுருளும் ஏணியும் கயிறும் கிடந்தன.

"இன்னா மேஸ்திரி, நீ நட்ட கம்பம் ஆடுதாமே?" என்று சுப்ரமணி வாயைக் கிளறினான்.

"கம்பம் ஆடலடா. உன் ஜீப்புதான் ஆடிக்கினு வருது."

சித்தூர் வரை இருபத்தைந்து கிலோமீட்டர். அதைத் தாண்டி, காணிப்பாக்கம் போகிறவர்களின் கூட்டம் மொய்க்கும் கடையில் இட்லி சாப்பிட்டோம். ஸ்டெல்லா இட்லித் தட்டை லேசாகத் திருப்பிக் காட்டினாள். "கங்கம்மா மலையில டிஷ் ஒரு டிகிரி திரும்பினா போதும் மேஸ்திரி. திருப்பதில அரை கிலோமீட்டர் தள்ளி விழும். காத்து அடிக்கும்போது எதுவோ கம்பத்த இழுக்குது."

அவள் சொன்னது சரி. படித்தவள்; கருவி வைத்துப் பார்த்தவள். ஆனால் இழுப்பது யார் என்று கருவி சொல்லவில்லை.

வெதுருகுப்பத்துக்கு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அதன் பிறகு மண் பாதை, பிறகு நடை. ஒன்பது மணி வாக்கில் உச்சிக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தோம்.

கிழக்குப் பக்கத்து ஸ்டே கம்பி முழுவதும் மஞ்சள் துணி. வளையல். மணி. நடுநடுவே சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக ஊஞ்சலாடும். அந்தக் கம்பியும் கூடவே துள்ளும்.

கம்பம் நட்ட அன்று அதன் அடியில் நான் மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து, கோழி சுற்றியிருந்தேன். பக்கத்திலேயே கங்கம்மா கல். அம்மனுக்குக் கொடிக்கம்பம் வந்துவிட்டது என்று ஊர் எடுத்துக்கொண்டது.

"நீங்க பூசின மஞ்சள்தான் மேஸ்திரி இதெல்லாம்," என்றாள் ஸ்டெல்லா.

"மஞ்சள் பூசாத கம்பம் நிக்காதும்மா," என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் அறுத்துவிட்டு முள்வேலி போடலாம் என்றாள் அவள். சுப்ரமணி கத்தியை எடுத்தான். அம்மனுக்குப் பூசை செய்யும் ராஜம்மா கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"ஒத்து, வேணா! கத்தி வெக்காதே. எவ கட்னாளோ அவதான் அவுக்கணும். வேற கை பட்டா மொக்கு தப்பிப்பூடும்." மொக்கு என்றால் நேர்த்திக்கடன்.

அந்த இடத்தில்தான் நான் பேசினேன். அம்மனுக்கென்று தனிக் கம்பம் நான் நட்டுத் தருகிறேன், கட்டியவர்களே வந்து அவிழ்த்து அதில் கட்டட்டும் என்றேன். ராஜம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"கட்டை வேணா. இரும்புதான் வேணும். இரும்புலதான் கட்டுனாங்க, பலிச்சுது. அதுக்கும் இதே மாதிரி கம்பி இழுத்துக் கட்டு."

கீழே ஊர்களில் தப்பட்டை அடித்துச் சொன்னார்கள். நானும் சுப்ரமணியும் குழாயை மேலே சுமந்து வந்து, பாறை இடுக்கில் நட்டுக் கம்பி இழுத்தோம். பெண்கள் ஏறி வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து சிரித்துக்கொண்டே அவிழ்த்தாள். இன்னொருத்தி வெறும் இடுப்போடு வந்து, அவிழ்த்த தொட்டிலை முந்தானையால் மூடிக்கொண்டாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லா வேதக்காரப் பெண். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுடும் பாறையில் நின்றாள்.

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு தொட்டில் மட்டும் மிச்சம், கம்பியின் உயரமான இடத்தில். கட்டியவள் நாகம்மா. பெங்களூரில் தையல் கம்பெனி வேலைக்குப் புருஷனோடு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நம்பர் தந்தாள். ஸ்டெல்லா தன் செல்போனில் போட்டு என் காதில் வைத்தாள். மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சன்னக் குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"உனுக்குப் பசங்க இருக்குதா?" என்றாள்.

"நாலு பேரும்மா."

"அப்போ நீயே அவுத்துடு நைனா. ஆனா கீழ வெச்சுடாதே. தரையில படக் கூடாது. எனுக்கு இன்னும் பொறக்கல."

ஏணி வைத்து ஏறினேன். அறுபது தாண்டிய கை. முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்த்ததும் தொட்டிலைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினேன். காற்று கிளம்பிவிட்டது. நேராகப் போய்ப் புதுக் கம்பத்தில் என் கையால் கட்டினேன். எத்தனையோ டன் இரும்பு ஏற்றியிருக்கிறேன். அவ்வளவு கனமாக எதுவும் இருந்ததில்லை.

பிறகு ஸ்டே கம்பியைத் திருகாணியால் முறுக்கினேன். ஸ்டெல்லா டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நிறுத்தினாள். காற்று ஓங்கி அடித்தது. தொட்டில்கள் எல்லாம் ஆடின. எங்கள் கம்பம் நின்றது.

சாயங்காலம் திருப்பதி ஆபீஸ். மலைக்குப் போகும் பஸ்கள் வாசலில் இரைந்துகொண்டே இருந்தன. உள்ளே பெட்டியில் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. பங்காருபாளையத்து எடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார்: "இன்ஜினியர் மேடம் போய்த் தடையை எடுத்துட்டாங்க சார். இனிமே அறாது."

"அது தடையில்ல சார், மொக்கு," என்றாள் ஸ்டெல்லா. அவர் கேட்கவில்லை.

என் ஆட்கள் பஸ் ஏறவில்லை. அந்தச் சீசன் முழுக்க லிங்க் அறவுமில்லை. திருப்பதிக்கு வருகிறவர்கள் தலைமுடியைக் கொடுத்துவிட்டு, பேர் எழுதி வைக்காமல் போகிறார்கள். அது சாமிக்குக் கொடுத்தது, சரி. நான் கம்பெனிக்கல்லவா கொடுத்தேன்?

கங்கம்மா மலைக் கம்பத்தின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் கம்பெனி பேர், கீழே ஸ்டெல்லாவின் பேர். இரண்டும் இருக்க வேண்டியவைதான். மூன்றாவதாக, 'நட்டவர், நிலைக்க வைத்தவர் முனுசாமி மேஸ்திரி' என்று வெட்ட வேண்டும், தமிழிலும் தெலுங்கிலும். இடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கை வைத்து அளந்து பார்த்துவிட்டேன். இருக்கிறது.